பெட்டிக்குள் ஒரு பச்சோந்திக் குட்டி



ஐப்பசி மழை நாலு நாள் பெய்து ஓய்ந்தால் போதும், திண்டுக்கல் பேகம்பூரைச் சுற்றியுள்ள வேலிகளில் பச்சோந்தி கண்ணில் படத் தொடங்கிவிடும். ஆவாரஞ்செடி, கிளுவை, சீமைக்கருவேல் என்று எதிலும் இருக்கும். பெரிய பச்சோந்தி என்றால் பையன்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். விரல் நீளக் குட்டி என்றால் விடமாட்டார்கள். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, கொஞ்சம் புல்லும் ஒரு மூடியில் தண்ணீரும் வைத்து, "நான் வளர்க்கப் போறேன்" என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். முதல் நாள் தெருவே வந்து பார்க்கும். ஒரு வாரம் போனால் குட்டி பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். இன்றைய பேச்சு அந்தக் குட்டியைப் பற்றியது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு வைத்தியத்துக்கு வரலாம். உலகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அதில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. இந்தியாவுக்கு வாய்த்தது ஒரே இனம்தான். இலங்கையில் இருப்பதும் அதேதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், ஆசையாக வீட்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம். அடிபட்டதோ நோயுற்றதோ கைக்கு வந்து சேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தகவல் சொல்லிவிட வேண்டும். ஆகவே நான் இன்று சொல்லப்போவது வளர்க்கும் முறை அல்ல. வனத்துறையின் கையில் ஒப்படைக்கும் வரை அந்த உயிரைப் பிடித்து வைத்திருக்கும் முறை.

இந்த ஊருக்கும் பச்சோந்தி ஏறும் செடிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் இது, அவர் பெயரால்தான் பேகம்பூர் ஆனது என்று சொல்வார்கள். பிற்காலத்தில் ஊரை வாழவைத்தது தோல் ஷாப்புகள். ரசாயன உப்புகள் வந்து சேர்வதற்கு முன்னால் தென்னாட்டில் தோல் பதனிட்டது பெரும்பாலும் ஆவாரம்பட்டையில்தான். வண்டி வண்டியாகப் பட்டை வந்து இறங்கிய காலம் அது. பட்டைக்குக் கிராக்கி குறைந்த பிறகும் ஆவாரை மட்டும் கரட்டு ஓரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது. பூவைத் தேடிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிப் பச்சோந்தி வருகிறது.

சரி, பெட்டியைத் திறப்போம்.

முதலில் கண்ணைப் பாருங்கள். பச்சோந்தியின் கண் வெளியே பிதுங்கிய ஒரு சிறு கூம்பு. நுனியில் மட்டும் துளி அளவு திறப்பு. ஒரு கண் மேலே பார்க்க, இன்னொன்று பின்னால் பார்க்கும். நலமாக இருக்கும் குட்டியின் கண் பகல் முழுக்க ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தக் கூம்பு உள்ளே குழிந்து போயிருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். எச்சத்திலும் அது தெரியும். கறுப்பு எச்சத்தோடு வெள்ளையாக ஒரு கட்டி வரும், அது அதன் சிறுநீர். அந்த வெள்ளை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறியிருந்தால் குட்டி தாகத்தில் தவிக்கிறது.

"மூடியில தண்ணி வச்சேனே சார், குடிக்கவே இல்லையே" என்று பையன்கள் கேட்பார்கள். உயிரியல் பாடம் எடுப்பவன் என்பதால், சாக்பீஸ் டப்பாவிலும் பிளாஸ்டிக் டப்பாவிலுமாக இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கும். பச்சோந்திக்குத் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் தண்ணீராகவே தெரிவதில்லை. இலை நுனியில் பளபளவென்று தொங்கும் சொட்டைத்தான் அது நக்கிக் குடிக்கும். பனித்துளி, மழைத்துளி, அவ்வளவுதான். ஆகவே இலையோடு ஒரு கிளையை ஒடித்து வந்து நட்டு, குடிதண்ணீரை அதன் மேல் மெல்லத் தெளிக்க வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். சொட்டு இலையில் விழுந்து வழியட்டும். நன்றாக வற்றிப்போன குட்டி முதலில் திரும்பியும் பார்க்காது. கால் மணி, அரை மணி நேரம் பொறுமையாக விட்டால் வாயை லேசாக அசைக்கத் தொடங்கும். ஒரு சொட்டு உள்ளே போனதும், தலையைத் தூக்கித் தொண்டையை அசைத்து விழுங்குவதைப் பார்க்கலாம்.

அவசரப்பட்டு சிரிஞ்சை வாய்க்குள் விட்டு அழுத்தாதீர்கள். தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பச்சோந்தியால் நம்மைப் போல இருமி அதை வெளியே தள்ள முடியாது. சளி பிடித்துச் செத்துப்போகும் குட்டிகளில் பல, இப்படி அன்பாக ஊட்டப்பட்டவை.

அடுத்தது இரை. தயிர்ச்சோறு, முட்டை மஞ்சள்கரு, கீரை எல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியது அசையும் பூச்சி. அசையாத ஒன்றை அது இரையாகவே நினைப்பதில்லை. குட்டி என்றால் ஈ, சின்ன வெட்டுக்கிளி, சுவர்க்கோழிக் குஞ்சு. பூச்சியின் நீளம் குட்டியின் இரண்டு கண்களுக்கு இடையில் உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. தின்னாமல் விட்ட பூச்சிகளை இரவில் வெளியே எடுத்துவிட வேண்டும். தூங்கும் குட்டியைச் சுவர்க்கோழி கடித்துப் புண்ணாக்கிவிடும். இன்னொரு எச்சரிக்கை நம் மாவட்டத்துக்கே உரியது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்திலோ, தக்காளிக் காட்டிலோ வெட்டுக்கிளி பிடித்து வந்து போடாதீர்கள். மருந்து அடிக்காத பூந்தோட்டம் எங்கே இருக்கிறது? புறம்போக்குப் புல்லில் பிடித்ததுதான் பாதுகாப்பு.

பச்சோந்தி நாக்கை வீசுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? உடம்பைவிட நீளமான நாக்கு, கண் சிமிட்டுவதற்குள் போய் ஒட்டி, பூச்சியோடு திரும்பிவிடும். அந்த நாக்கு நுனியின் எச்சில் மனித எச்சிலைவிடச் சுமார் 400 மடங்கு கொழகொழப்பானது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. நோய்ப்பட்ட குட்டி பூச்சியைக் குறிபார்க்கும், வாயைத் திறக்கும், நாக்கு பாதி வழியில் தொங்கிப் போகும். சில சமயம் வெளியே வந்த நாக்கை உள்ளே இழுக்கவும் தெம்பு இருக்காது. இது நாக்கின் நோய் இல்லை. உடம்பில் சுண்ணாம்புச் சத்து தீர்ந்துவிட்டதற்கு அது ஓர் அறிகுறி.

சுண்ணாம்புச் சத்து தீர்வதால் வரும் எலும்பு நோய் ஒரு வாரத்தில் வராது. மாதக்கணக்கில் ரகசியமாக வளர்க்கும் வீடுகளில் வரும். சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்ச வேண்டுமானால் வைட்டமின் டி வேண்டும். பச்சோந்தி அந்த வைட்டமினைத் தன் தோலில், வெயிலின் புற ஊதாக் கதிரைக் கொண்டு தானே தயாரித்துக்கொள்கிறது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். டியூப் லைட்டில் அது கிடையாது. வெயில் கிடைக்காவிட்டால் உடம்பு என்ன செய்யும்? எலும்பில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பும். வளரும் குட்டிக்கு எலும்பு அப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கும், ஆகவே முதலில் அடிவாங்குவது அதுதான். முன்கால்கள் வில்லாக வளையும், தாடை ரப்பர் மாதிரி அமுங்கும், கிளையைப் பிடித்து நடந்தது தரையில் வயிற்றைத் தேய்த்து ஊரும். வளைந்த எலும்பு திரும்ப நேராவதில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிவைத்த கால்சியம் சிரப்பை ஊற்றிச் சரிசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம். அளவு மிஞ்சிய வைட்டமின் டியும் கொல்லும். அது கால்நடை மருத்துவர் எடைபோட்டு முடிவுசெய்ய வேண்டிய காரியம்.

வெயில் காட்டச் சொன்னால் பாட்டிலில் போட்டு மொட்டைமாடியில் வைத்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் வெந்துவிடும். துணி போடும் பிளாஸ்டிக் கூடை ஒன்றை எடுத்து, உள்ளே கிளையைச் செருகி, மேலே கொசுவலை கட்டுங்கள். காலை இளவெயிலில் பாதிக் கூடை வெயில், பாதிக் கூடை நிழல். குட்டி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். குளிர்ந்து போயிருந்தால் உடம்பைக் கருக்கி வெயில் பக்கம் திருப்பிக் காட்டும், சூடேறினால் வெளுத்துவிடும். பச்சோந்தி நிறம் மாறுவதில் பெரும்பங்கு இந்தக் கணக்கும், கோபமும் பயமும்தான். உட்கார்ந்த இடத்துக்கு ஏற்ப வேஷம் போடுகிறது என்று நாம் அரசியல் மேடையில் பேசிப் பேசி, அதற்கு வீண் பழி சேர்த்துவிட்டோம். காக்கா வராமல் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வெயில் சூடு இல்லாத நேரத்திலும் வாயைத் திறந்து, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு மூச்சுவிட்டால், வாயோரம் நுரை தெரிந்தால், அது மூச்சுக்குழல் நோய். பூனை வாயில் இருந்து மீட்ட குட்டி என்றால் மேலே காயமே தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பூனைப் பல் ஊசித்துளைதான் போடும், உள்ளே சீழ் பிடித்துவிடும். இந்த இரண்டுக்கும் வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

தொடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சோந்தியின் பாதம் குறடு போன்றது. ஐந்து விரல்களும் இரண்டு கட்டாகச் சேர்ந்து கிளையைக் கவ்வும். முன்காலில் வெளிப்பக்கம் இரண்டு, உள்பக்கம் மூன்று. பின்காலில் அப்படியே மாற்றி. முதுகைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நகம் பிய்ந்து வரும், குட்டியின் விரலே ஒடியும். மேலேயிருந்து வரும் கை அதற்குப் பருந்து. ஒரு குச்சியை முன்காலுக்கு எதிரே நீட்டினால் தானாக ஏறிக்கொள்ளும். கடித்தாலும் விஷம் கிடையாது. ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடித்து மூக்குப்பொடி வைத்த தலைமுறையைச் சேர்ந்த தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்கு இதையாவது சொல்லிக்கொடுக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் பச்சோந்தி வளர்ப்பதுண்டு. ஏமன் நாட்டு இனம், பண்ணையில் பிறந்தது, அங்கே கடையில் முறைப்படி விற்கிறார்கள். அதற்கென்று புற ஊதா விளக்கு, சொட்டுநீர்க் குழாய், ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எல்லாம் அங்கே உண்டு. அதைப் பார்த்துவிட்டு இங்கே வரவழைக்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. பாங்காக்கில் இருந்து பெட்டிக்குள் அடைத்து வந்த விலங்குகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்த செய்திகளை அடிக்கடி படிக்கிறோம்.

நம் மாவட்டத்தில் இன்னொரு மெதுநடைக்காரர் இருக்கிறார், தேவாங்கு. அவருக்கு 2022இல் கடவூர்ப் பக்கம், கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்தையும் சேர்த்து 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தார்கள். பச்சோந்திக்கு வாய்த்தது நம் தோட்டத்து வேலி மட்டும்தான். கிளுவையையும் கள்ளியையும் வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த இடத்தில் அது வசிக்க முடியாது. அடுத்த வேலியைத் தேடி நான்குவழிச் சாலையைக் கடக்கிறது. முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி என்று ஆடி ஆடித்தான் நடக்கும், லாரி அதுவரை காத்திருக்குமா? சாலையில் பார்த்தால், அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கச் செடியில் குச்சியால் ஏற்றிவிடுங்கள். வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

வீட்டில் இருந்து மீட்ட குட்டி தேறிவிட்டால் எங்கே விடுவது என்பதை வனத்துறைதான் முடிவு செய்யும். எந்த வேலியில் பிடித்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். பயந்து "சிறுமலையில கிடைச்சது" என்று பொய் சொன்னால், சமவெளிச் செடியில் வளர்ந்த குட்டி மலைக்குளிரில் போய் நிற்கும். விடும் நேரம் காலை. வெயில் உடம்பில் ஏறிச் சூடானால்தான் அதற்குக் கை கால் ஓடும், இருட்டுவதற்குள் தூங்கக் கிளையும் பார்த்துக்கொள்ளும். அன்று மழை மூட்டமாக இருந்தால் இன்னொரு நாள் கூடையில் இருக்கட்டும்.