35 எம்எம் ஓட்டையும் 38 எம்எம் மெழுகுவர்த்தியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

வழக்கமா இங்கே ஏதாவது ஒரு பக், ஒரு டெப்ளாய்மென்ட் சொதப்பல் பத்திப் பேசுவேன். இன்னைக்கும் சொதப்பல்தான். ஆனா கோடுல இல்ல, மரத்துல. கோடுல தப்பு பண்ணா ரோல்பேக் பண்ணிக்கலாம். மரத்துல ஓட்டை போட்டா, போட்டதுதான்.

கதை இதுதான். கும்பகோணம் பக்கத்துல இருந்த எங்க தாத்தா வீட்டைப் போன வருஷம் இடிச்சாங்க. கூரை விழுந்துடுச்சு, யாரும் இல்ல, வேற வழியும் இல்ல. தேக்கு வாசக்காலோட மேல்கட்டையில ரெண்டு அடித் துண்டை மட்டும் அப்பா கார் டிக்கியில போட்டு சென்னைக்குக் கொண்டுவந்தார். ஏன்னு கேட்டா பதில் சொல்லலை. ஆறு மாசம் அது எங்க பால்கனியில துணி காயப்போடுற ஸ்டாண்டுக்கு அடியில கிடந்தது.

கார்த்திகை நெருங்கும்போது எனக்கு ஒரு யோசனை. அப்பா, அத்தை, சித்தப்பா மூணு பேரும் அந்த வாசல்லதான் அகல் வச்சு வளர்ந்தவங்க. இப்போ மூணு பேரும் ஃபிளாட்ல இருக்காங்க. அந்தக் கட்டையிலேயே ஆளுக்கு ஒரு டீலைட் ஸ்டாண்ட் செஞ்சு கொடுத்தா? டீலைட் தெரியும்ல, சின்ன அலுமினியக் கப்புல வர்ற குட்டை மெழுகுவர்த்தி. ஒரு சதுரக் கட்டை, நடுவுல ஒரு வட்டக் குழி. அவ்வளவுதானே வேலை?

கட்டையோட ஒரு முனை கரையான் அரிச்சது, இன்னொரு முனை வெடிச்சது. நல்ல மரம் சரியா மூணு துண்டுக்குத்தான் இருந்தது. நாலாவது துண்டு கிடையாது. இதை மனசுல வச்சுக்கோங்க.

கடையில கேட்ட தப்பான கேள்வி

பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். "அண்ணே, மரத்துல பெரிய வட்டக் குழி போடணும், ஒரு பிட்டு கொடுங்க"ன்னு கேட்டேன். என்ன சைஸ்னு அவர் கேட்டார். கையால வட்டம் காட்டினேன். ஆமா, கையால. முதல் வருஷம் வொர்க்‌ஷாப்ல வெர்னியர் காலிபர் பிடிச்சு ரெக்கார்டு நோட்டு எழுதினவன் நான். அவர் எடுத்துக் கொடுத்தது 35 எம்எம் பிட்.

அவர் மேல தப்பே இல்ல. நம்ம ஊர் கடைகள்ல அந்த சைஸ்ல அதிகம் விக்கிறது அதுதான். காரணம், மாடுலர் கிச்சன். அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் மறைஞ்சிருக்குற ஹின்ஜ் இருக்கே, கார்பென்டர்கள் ஆட்டோ ஹின்ஜ்னு சொல்றது, அதோட கப்பு 35 எம்எம். அதனால அந்த பிட்டு எங்கேயும் கிடைக்கும். பெரிய வட்டக் குழின்னு நான் சொன்னதும் அவருக்குத் தோணினது கிச்சன் கதவு.

வீட்டுக்கு வந்து முதல் துண்டுல போட்டேன். அழகான குழி. டீலைட்டை எடுத்து வச்சா, உள்ளே இறங்கவே இல்ல. சின்னப் பையனோட தொப்பியைப் பெரியவர் தலையில வச்ச மாதிரி மேலேயே உட்கார்ந்திருந்தது. அப்புறம்தான் அளந்தேன். 38 எம்எம். வெறும் 3 எம்எம் வித்தியாசம். அதுவும் அந்த வாசக்கால்ல.

அதனால முதல் விஷயம்: பிட்டு வாங்குறதுக்கு முன்னாடி மெழுகுவர்த்தியை வாங்குங்க. அளந்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. டீலைட் கப்பு பொதுவா 38 எம்எம் சுத்துல இருக்கும், பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும். கப்போட உடம்பை மட்டும் அளக்காதீங்க, மேல மடிஞ்சிருக்குற விளிம்பையும் அளங்க. அதுதான் இருக்குறதுலயே அகலமான இடம். 38 கப்புக்கு 40 எம்எம் பிட் சரியா இருக்கும். ஒன்றரை இஞ்ச் பிட்னா 38.1 எம்எம், அது டைட். மரம் ஈரத்துக்கு ஏத்த மாதிரி உப்பும், சுருங்கும். அதுவும் ரேகை ஓடுற திசையை விடக் குறுக்கு வாக்குல அதிகமா அசையும். இன்னைக்கு வட்டமா இருக்குற குழி வேற சீசன்ல லேசா முட்டை வடிவம் ஆகும். டைட்டா இருந்தா தீர்ந்துபோன கப்பை நகத்தால நோண்டித்தான் எடுக்கணும்.

நீளமான மெழுகுவர்த்திக்கும் இதே கதைதான். அமெரிக்காவுல டேப்பர் மெழுகுவர்த்தியோட அடிப்பாகம் பொதுவா ஏழு பை எட்டு இஞ்ச், அதாவது சுமார் 22 எம்எம். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அந்த அளவுல குழி போட்டுட்டு, மளிகைக் கடையில கிடைக்கிற மெழுகுவர்த்தியை வச்சா அது ஆடும். உங்க கையில இருக்குறதை அளங்க.

குழியோட அடி எப்படி இருக்கணும்?

ரெண்டாவது விஷயம், பிட்டோட வகை. எல்லாரும் குழியோட அகலத்தைப் பார்த்துத்தான் வாங்குறோம். ஆனா மெழுகுவர்த்தி உட்காரப்போறது குழியோட அடியில. அந்த அடி தட்டையா இருக்கணும்.

சாதாரண ட்விஸ்ட் பிட்டோட முனை கூம்பு. குழியோட அடியும் கூம்பாத்தான் வரும். 40 எம்எம்ல வீட்டு மெஷினுக்கு அது கிடைக்கவும் கிடைக்காது. ஹோல் சா வட்டமா ஒரு ரம்பம். அது ஓரத்தை மட்டும் அறுக்கும், நடுவுல இருக்குற மரம் அப்படியே நிக்கும். ஆரப்பார ஓட்டைக்கு நல்லது, பாதியில நிக்கிற குழிக்கு உதவாது.

அடுத்தது ஸ்பேட் பிட், தட்டையான கரண்டி மாதிரி இருக்கும். விலை குறைவு. ஆனா அதோட நடுமுனை நீளம், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் முன்னாடி போகும். ஒரு வேஸ்ட் பலகையில போட்டுப் பார்த்தேன். குழி ஆழம் 15 எம்எம், முனை இன்னொரு 10. பலகையோட கனமே 25. குழி முடியும்போது அடிப்பக்கம் சரியா ஒரு குட்டி ஓட்டை எட்டிப் பார்த்தது. ஓரமும் பிசிறு பிசிறா இருந்தது.

இந்த வேலைக்குன்னே இருக்குறது ஃபோர்ஸ்ட்னர் பிட். பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர்னு அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல ஒரு துப்பாக்கித் தொழிலாளி, 1874ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். மத்த பிட்டுகளை நடுமுனை வழிநடத்தும். இதை வெளி விளிம்பு வழிநடத்தும். விளிம்பு முதல்ல வட்டமா மரநாரை வெட்டும், உள்ளே இருக்குற ரெண்டு பிளேடு இழைப்புளி மாதிரி சீவி எடுக்கும். சுவர் வழவழன்னு இருக்கும், அடி தட்டையா இருக்கும். இப்போ வர்ற பிட்டுல நடுவுல ஒரு சின்னக் கூர் இருக்கும், அந்தப் புள்ளியைக் கப்பு மறைச்சிடும். பெரிய சைஸ்ல விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்குறதை வாங்கினா சூடு குறைவு.

மணிக்கட்டு சொன்ன பாடம்

மூணாவது விஷயம் வேகம். இங்கேதான் எனக்கு அடி.

40 எம்எம் ஃபோர்ஸ்ட்னர் வாங்கிட்டு வந்தேன். அந்த 35 குழியையே பெருசாக்கிடலாம்னு நினைச்சேன். ஹேண்ட் டிரில்ல மாட்டி, கட்டையை இடது கையால பிடிச்சுட்டு அழுத்தினேன். கிளாம்ப் போடலை. நடுக்கூருக்குப் பிடிக்க மரமே இல்ல, ஏற்கனவே அங்கே குழி. பிட்டு ஓரத்துல கடிச்சு மாட்டிக்கிச்சு. பிட்டு நின்னுடுச்சு, மெஷின் சுத்துச்சு, கூடவே என் மணிக்கட்டும். எலும்பு உடையலை. ஆனா ஒரு வாரம் ஒரு கையாலதான் டைப் பண்ணேன். ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல கட்டைக் காமிச்சு விளக்கம் வேற கொடுக்க வேண்டியிருந்தது.

கணக்கு போட்டிருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்கும். என் மெஷின் லோடு இல்லாம நிமிஷத்துக்கு 2600 சுத்து. 10 எம்எம் பிட்டோட விளிம்பு அந்த வேகத்துல நிமிஷத்துக்கு சுமார் 82 மீட்டர் ஓடும். 40 எம்எம் பிட்டோட விளிம்பு 327 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். அந்த வேகத்துல இரும்பு மரத்தை வெட்டாது, தேய்ச்சு எரிக்கும். பிட்டோட முனை நீலமாகி மழுங்கும். அதையே 500 சுத்துக்குக் குறைச்சா நிமிஷத்துக்கு 63 மீட்டர், நாம நடக்கிற வேகம். பிட்டு பெருசாக ஆக, சுத்து குறையணும். வேகம் குறைக்க முடியாத மெஷின்ல பெரிய பிட்டு மாட்டாதீங்க. முடிஞ்சா பெஞ்ச் டிரில்ல போடுங்க. எதுல போட்டாலும் கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்க. கை, கிளாம்ப் கிடையாது. நடுநடுவுல பிட்டைத் தூக்கிச் சீவலை வெளியே விடுங்க. புகை வந்தா நிறுத்துங்க.

ஆசாரி அண்ணன் பண்ண ரோல்பேக்

மணிக்கட்டு சரியானதும் மூணு துண்டையும் எடுத்துட்டு எங்க தெருக்கோடியில மரப்பட்டறை வச்சிருக்குற அண்ணன்கிட்ட போனேன். கெட்டுப்போன துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த வீட்டு வாசக்கால் தம்பி?"ன்னு கேட்டார். நான் வாசக்கால்னு சொல்லவே இல்ல. "ஓரத்துல மஞ்சள் இருக்கே"ன்னார். தாத்தா வீட்டுல ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூசின மஞ்சள். எனக்கு அதுவரைக்கும் அது கண்ணுல படலை.

அடுத்து ஒரு காந்தத்தை எடுத்து மரத்து மேல தடவினார். ரெண்டு இடத்துல ஒட்டிச்சு. மாவிலைத் தோரணம் கட்ட அடிச்ச ஆணி, தலை உடைஞ்சு உள்ளேயே இருந்திருக்கு. அதுல பிட்டு பட்டிருந்தா பல் போயிருக்கும். ஒரு ஆணியைப் பிடுங்கினார், இன்னொண்ணு குழி வராத இடத்துல இருந்ததால விட்டுட்டார். பழைய மரம்னா முதல்ல காந்தம். தேக்குக்குள்ள இயற்கையாவே சிலிக்கா உண்டு, அதுவே கூர்மையைச் சீக்கிரம் தின்னும். ஆணி வேறயா?

கெட்ட குழிக்கு அவர் பண்ணது ரொம்ப எளிமை. ஒரு பிளைவுட் துண்டுல 40 எம்எம் ஓட்டை போட்டார். அதை என் கட்டை மேல, பழைய குழி நடுவுல வர்ற மாதிரி வச்சு, ரெண்டையும் சேர்த்து பெஞ்ச் டிரில் மேசையில கிளாம்ப் பண்ணார். பிட்டோட விளிம்பு பிளைவுட் ஓட்டைக்குள்ள உட்கார்ந்து, அதையே சுவராப் பிடிச்சுக்கிட்டு இறங்கிச்சு. நடுக்கூருக்கு மரம் தேவையே படலை. விளிம்பு வழிநடத்துற பிட்டுன்னு சொன்னேன்ல, அதோட அர்த்தம் அன்னைக்குத்தான் எனக்குக் கண்ணால தெரிஞ்சது. ஸ்பேட் பிட்டா இருந்திருந்தா இது நடந்திருக்காது.

மத்த ரெண்டு துண்டையும் அவர் என்னையே போடச் சொன்னார். ஆனா முதல்ல வேஸ்ட் கட்டையில. ஆழத்துக்கு ஸ்டாப்பர் வச்சு, கப்பை வச்சுப் பார்த்து, அப்புறம்தான் தேக்கு. ஸ்டேஜிங்ல ஓட்டிட்டு புரொடக்‌ஷனுக்குப் போறதுன்னு நாம சொல்றோம், அவர் அதை "வெள்ளோட்டம்"னு சொன்னார். குழி போட்ட பிறகுதான் ஓரம் இழைக்கணும், உப்புத்தாள் போடணும். சதுரமா இருக்கும்போதுதான் கட்டை கிளாம்ப்ல அசையாம நிக்கும்.

கடைசியா நெருப்பு. கப்போட விளிம்பு மரத்துக்கு மேல 2, 3 எம்எம் நீட்டிக்கிட்டு இருக்குற மாதிரி ஆழத்தை வைங்க. எடுக்கவும் சுலபம், சுடரும் மரத்தை விட்டுத் தள்ளி இருக்கும். குழிக்குள்ள வார்னிஷ் அடிக்காதீங்க. அலுமினியக் கப்பு இல்லாம மெழுகை நேரா மரத்துல ஏத்தாதீங்க. நீள மெழுகுவர்த்தின்னா குழிக்குள்ள ஒரு பித்தளைக் கப்பு இறக்குங்க, இல்லைன்னா எரிஞ்சு முடியுற இடம் மரமாத்தான் இருக்கும். எரியும்போது ரூமை விட்டுப் போகாதீங்க.

மூணும் கார்த்திகைக்கு முதல் நாள் ரெடி. மஞ்சள் இருந்த பக்கத்தை நாங்க இழைக்கலை, அப்படியே விட்டுட்டோம். அந்தத் துண்டு அத்தைக்கு. சித்தப்பாவுக்கு ஆணி உள்ளே இருக்குற துண்டு. காப்பாத்தின துண்டு அப்பாவுக்கு. உத்துப் பார்த்தா குழியோட அடியில 35 எம்எம் வட்டத்தோட தடம் லேசாத் தெரியும்.

அப்பா அதை வாங்கி, விரலை விட்டு அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்தார். "என்னடா இது, ரெண்டு வட்டம்?"னு கேட்டார். அளக்காம போட்டேன்பான்னு சொன்னேன். சிரிச்சார். வீடு இடிச்ச அன்னைக்கு அப்புறம் அந்தக் கட்டையைப் பார்த்து அவர் சிரிச்சது அப்பதான்.

அளந்துட்டு வாங்குங்க மக்களே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.