கொரிய நாட்டில் ஒரு தமிழ் இல்லம்

அயல்நாட்டில் வாழும் நம் குடும்பங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டைக் குறித்தே பேசுவர். ஒன்று, அங்கே ஈட்டும் பொருள். மற்றொன்று, இங்கே தனித்திருக்கும் முதிய பெற்றோர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் அங்கே வளரும் பிள்ளைகளின் நிலை. பிள்ளைகள் சிறுவராக இருக்கும்வரை அது பெரிதாகத் தோன்றுவதில்லை. ஒரு பெண்ணுக்குப் பதினான்கு, பதினைந்து வயது ஆகும்போது ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது. இவள் இனி எங்கே படிப்பது? தாயும் பெண்களும் ஊர் திரும்பி, தந்தை மட்டும் அங்கே தனித்திருப்பதா? அல்லது எல்லோரும் அங்கேயே இருப்பதா? இக்கேள்வியைத் தென்கொரியாவில் ஒரு வீட்டில் அருகிருந்து கண்டேன். அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் வாழ்வது கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம். கெடிலம் ஆறு கடலைச் சேரும் பகுதியில் உள்ள ஊர். ஆங்கிலேயர் 1690ஆம் ஆண்டில் இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை எனப் பெயரிட்டனர். கப்பலும் பயணமும் பிரிவும் இக்கரைக்குப் புதியவை அல்ல. நான் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றிய ஆண்டுகளில், தந்தையர் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருந்த பிள்ளைகள் பலருக்குக் கற்பித்திருக்கிறேன். அவர்களுடைய மதிப்பெண் அட்டையில் தாயின் கையெழுத்தே இருக்கும். தந்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவார். வரும்போது மகன் ஒரு சாண் வளர்ந்திருப்பான். வறுமை அவர்களைப் பிரித்தது. ஆனால் வறுமையே இல்லாத குடும்பங்களும் கல்வியின் பொருட்டுப் பிரிகின்றன என்பதைக் கொரியாவில்தான் கண்டேன்.

என் மகன் ஒரு மின்னணுப் பொறியாளர். ஒன்பது ஆண்டுகளாகச் சுவோன் நகரில் மனைவி மக்களோடு வாழ்கிறார். அது தலைநகராகிய சியோலுக்குத் தெற்கே, இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள நகரம். 1794ஆம் ஆண்டு தொடங்கி 1796ஆம் ஆண்டில் கட்டி முடித்த கோட்டை மதில் ஒன்று அந்நகரைச் சுற்றி இன்றும் நிற்கிறது. என் துணைவியாரும் நானும் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே தங்கினோம். பெயர்த்திகள் இருவர். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு. இளையவளுக்குப் பதின்மூன்று, அதே பள்ளியில் முதலாம் ஆண்டு.

அன்றாட வாழ்க்கையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள ஒற்றுமைகள் வியப்பளிப்பவை. செருப்பை வாயிலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைகின்றனர். பெரியோருக்கு ஒரு பொருளை இரு கைகளாலும் கொடுக்கின்றனர். சோறே முதன்மை உணவு. தரைக்கு அடியில் வெப்பம் பரவும்படி வீடுகளை அமைக்கும் முறைக்கு ஒந்தொல் என்று பெயர். குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் அந்த இளஞ்சூட்டுத் தரையில் அமர்ந்திருக்கும். சந்தைக்குச் சென்ற என் துணைவியார் அங்கே உலர்ந்த நெத்திலி குவியல் குவியலாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்துபோனார். நாம் குழம்பு வைக்கும் அதனை அவர்கள் கொதிக்கவைத்துச் சாறு எடுத்து, அந்தச் சாற்றைப் பல உணவுகளுக்கும் அடிப்படையாகக் கொள்கின்றனர். வாளை மீனும் அங்கே உண்டு. கருவாட்டின் மணம் பரவிய அந்தப் பதினான்காம் மாடி வீட்டில், சில நாழிகைப் பொழுது எங்கள் கடற்கரைத் தெருவே வந்து இறங்கியதுபோல் இருந்தது.

மொழியிலும் இத்தகைய ஒற்றுமைகள் செவியில் விழும். குழந்தைகள் தந்தையை ‘அப்பா’ என்றே அழைக்கின்றனர். தாயை அழைக்கும் சொல்லும் ஏறக்குறைய ‘அம்மா’ என்றே கேட்கிறது. ஒரு பெண் தன் தமக்கையை அழைக்கும் சொல் நம் காதுக்கு ‘அண்ணி’ என்பதுபோல் ஒலிக்கும். இளையவள் மூத்தவளை அவ்வாறு அழைத்தபோது, “யாருக்கடி திருமணம் ஆயிற்று?” என்று என் துணைவியார் கேட்டுவிட்டார். 1905ஆம் ஆண்டிலேயே ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். ஆயினும் இவை ஓரினத்து மொழிகள் என்பதை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. உறவு இல்லாவிடினும் உதவி உண்டு. அவர்கள் வாக்கியத்திலும் வினைச்சொல் இறுதியில் வருகிறது. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டுகின்றன. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு அந்த வாக்கிய அமைப்பு அயலாகத் தோன்றுவதில்லை.

செஜோங் என்னும் அரசர் தம் மக்கள் எளிதில் கற்கும்பொருட்டு வகுத்து, 1446ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்தே இன்றும் அங்கே வழங்குகிறது. அவர் பிறந்தநாளாகிய மே 15ஐ ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். எழுத்தைத் தந்த அரசனை ஆசிரியர் நாளில் நினைக்கும் நாட்டின்மீது, ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய எனக்கு மதிப்பு மிகுந்தது இயற்கையே.

இனி, ஒற்றுமைகளுக்கு அப்பால் உள்ளதைக் கூறவேண்டும். அந்த வீட்டில் கொரிய மொழியை நன்கு அறிந்தவர்கள் பெண்கள் இருவர் மட்டுமே. என் மகன் அலுவலகத்தில் ஆங்கிலத்தைக் கொண்டே காலம் தள்ளுகிறார். மருமகளுக்குக் கடைத்தெருவுக்கு வேண்டிய அளவு கொரிய மொழி தெரியும். ஆகவே வங்கிக்குச் செல்வதானாலும், மருத்துவரைக் காண்பதானாலும், பெண்களில் ஒருத்தி உடன் செல்லவேண்டும். பள்ளியில் ஆசிரியர் தாயை அழைத்துப் பேசும்போதுகூட, தன்னைப் பற்றி ஆசிரியர் கூறியதைத் தானே மொழிபெயர்த்ததாக இளையவள் என்னிடம் கூறினாள். “எல்லாவற்றையும் கூறினாயா?” என்று கேட்டேன். “வேண்டியவற்றைக் கூறினேன், தாத்தா” என்றாள். நாங்கள் சிரித்தோம். ஆனால் தாயின் நோயைக் குறித்து மருத்துவர் கூறுவதைப் பதின்மூன்று வயதுப் பெண் முதலில் கேட்டு, பிறகு தாய்க்குச் சொல்வது சிரிப்பதற்குரியது அன்று. வழிகாட்ட வேண்டிய பெற்றோர், பிள்ளையின் கைபிடித்து நடக்கும் நிலை அது. அந்தச் சுமையை அவள் சுமக்கிறாள் என்பதைப் பெரியவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

கல்விச் சுமை அதனினும் பெரிது. அங்கே பல்கலைக்கழகம் புகுவதற்குரிய தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நடைபெறுகிறது. நாங்கள் இருந்த ஆண்டில் அது நவம்பர் 14. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். மாணவர் நெரிசலின்றிச் செல்லும்பொருட்டு அன்று அலுவலகங்கள் காலந்தாழ்த்தித் திறக்கின்றன. காலம் தவறிய மாணவரைக் காவலர் தம் வண்டியில் ஏற்றிச் செல்கின்றனர். ஆங்கிலம் கேட்டெழுதும் தேர்வு நடக்கும் அரைமணி நேரத்திற்கும் சற்று மேலான பொழுதில், ஓசை இடையூறு ஆகாதவாறு விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிற்கின்றன. ஒரு நாடே மாணவனுக்காக மூச்சை அடக்கி நிற்பது பெருமைக்குரியது. ஆனால் அத்தேர்வை நோக்கிச் சிறுவயதிலிருந்தே பிள்ளைகள் ஓடுகின்றனர். பள்ளி முடிந்ததும் தனிப்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்கின்றனர். இரவு பத்து மணிக்குமேல் அக்கூடங்கள் நடத்தலாகாது எனச் சியோல் நகரம் விதி செய்ததும், அவ்விதி செல்லும் என்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்ததும், ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும்.

இந்த ஓட்டத்திற்கு அஞ்சிய கொரியப் பெற்றோர் பலர் மனைவியையும் மக்களையும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் ஊரில் தங்கிப் பணம் அனுப்பினர். அத்தகைய தந்தைக்குக் ‘கிரொகி அப்பா’ என்று பெயர். கிரொகி என்பது காட்டு வாத்து. துணையைப் பிரியாப் பறவை என்று கருதி, மணமகன் மரத்தால் செய்த காட்டு வாத்து ஒன்றைப் பெண் வீட்டாருக்கு அளிப்பது அவர்களுடைய பழைய திருமண வழக்கு. அப்பறவையின் பெயரே பிரிந்து வாழும் தந்தைக்கு ஆயிற்று. நினைத்தபோது பறந்து சென்று மக்களைக் காணும் செல்வரைக் கழுகு அப்பா என்றும், பயணத்திற்குப் பணமின்றித் தவிப்பவரைப் பறக்க இயலாத பென்குவின் அப்பா என்றும் கூறுவர். கேலிபோல் தோன்றும் இப்பெயர்களில் எத்தனை பேருடைய தனிமை அடங்கியிருக்கிறது!

என் மகன் வீட்டிலும் இதுவே கேள்வி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நம் நாட்டில் எழுதினால்தான் பிறகு பொறியியலோ மருத்துவமோ படிக்க வழி எளிதாகும் என்பது மருமகளின் எண்ணம். “மாமா, நான் இவர்களை அழைத்துக்கொண்டு கடலூருக்கு வந்துவிடுகிறேன். அவர் இங்கே இருக்கட்டும்” என்றார். கொரியப் பள்ளியாண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்குகிறது. ஆதலால் முடிவு செய்யக் காலம் குறைவு. என் மகன் ஒன்றும் கூறாமல் இருந்தார். அந்த மௌனம் கிரொகி அப்பாவின் மௌனம் என்று எனக்குத் தோன்றியது.

பெண்களைக் கேட்டீர்களா என்று வினவினேன். அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. அன்றிரவு நால்வரும் நாங்களும் இளஞ்சூட்டுத் தரையில் அமர்ந்தோம். மூத்தவள் தான் வர விரும்பவில்லை என்றாள். “இங்கே இரவு ஒன்பது மணிக்கு நான் தனியாகப் பேருந்தில் வருகிறேன், தாத்தா. யாரும் என்னைக் கவனிப்பதில்லை. கடலூரில் என்னைத் தனியே விடுவீர்களா? தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்” என்றாள். விடையளிக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பவேண்டும் என்று நாம் பெண்களுக்குக் கூறுவது உண்மைதானே?

கொரியப் பெண்ணாகவே ஆகிவிட்டாள் என்று நாங்கள் எண்ணிய இளையவள், தான் ஊருக்கு வர விரும்புவதாகக் கூறினாள். “இங்கே பேருந்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் எவ்வளவு நன்றாகக் கொரியம் பேசினாலும், எந்த நாடு என்று கேட்கிறார்கள். ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்” என்றாள். ஒரே வீட்டில், ஒரே தட்டில் உண்டு வளர்ந்த இருவர். ஒருத்தி யாரும் தன்னைப் பார்க்காத ஊரில் இருக்கவேண்டும் என்கிறாள். மற்றொருத்தியும் அதையே விரும்புகிறாள். ஆனால் அந்த ஊர் இருவருக்கும் வேறு வேறு.

ஒரு திங்கள் ஆராய்ந்தபின் முடிவு ஏற்பட்டது. அந்நாட்டில் உயர்நிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளும் 2021ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றியே நடைபெறுகின்றன. பெற்றோர் இருவரும் அயல்நாட்டுக் குடிமக்களாக இருப்பின், அவர்களுடைய பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் நவம்பர்த் தேர்வின்றித் தனி வழியில் இடம் கேட்கலாம் என்பதும் விசாரித்தபோது தெரியவந்தது. ஆகவே மூத்தவள் அங்கேயே படிப்பாள், குடும்பம் பிரியாது. இளையவள் நடுநிலைப் பள்ளியை முடிக்கும்போது அவளை மீண்டும் கேட்பது. அதுவரை ஒவ்வோர் ஆண்டும் குளிர்கால விடுமுறையில் அவள் தேவனாம்பட்டினம் வருவது. மருமகள் முறையாகக் கொரிய மொழி கற்பது. இனி மருத்துவரிடம் பெண்களை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வதில்லை.

சொன்னபடி இளையவள் 2025ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்தாள். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழாவுக்குச் சென்றோம். அங்கே உறவினர் பலரும், “இவள்தான் கொரியாப் பெண்ணா?” என்று சூழ்ந்துகொண்டனர். “தாத்தா, இங்கேயும் பார்க்கிறார்களே!” என்றாள். சற்று நேரம் கழித்து, கையில் கரும்போடு, “ஆனால் இவர்கள் பார்த்தவுடன் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். சுவோனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியும் அதைத்தான் கேட்பார்” என்று தானே கூறிக்கொண்டாள்.

இது அயல்நாடு சென்ற தமிழருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கொரிய மோட்டார்த் தொழிற்சாலை 1998ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது முதல், எத்தனையோ கொரியக் குடும்பங்கள் சென்னையில் வாழ்ந்து வருகின்றன. அவர்கள் வீட்டிலும் பதினைந்து வயதுப் பெண் இருப்பாள். அங்கும் இதே கேள்வி இருக்கும்.

பிள்ளைகளை வெளிநாட்டில் வளர்க்கும் பெற்றோருக்கு என் ஆசிரிய அனுபவத்தைக்கொண்டு கூறத்தக்கது ஒன்றே. எந்தப் பள்ளி, எந்தத் தேர்வு என்று ஆராய்வதற்கு முன்னர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே கேளுங்கள். மூத்தவளின் விடை இளையவளின் விடை ஆகாது. அவர்கள் விரும்பியவாறே எல்லாம் செய்துவிட இயலாது என்பது உண்மை. ஆயினும் தன்னைக் கேட்டு எடுத்த முடிவைத் தாங்கும் வலிமை பிள்ளைக்கு உண்டு. கேட்காமல் எடுத்த முடிவு நன்மையே தந்தாலும், அது அவள் நெஞ்சில் ஒரு வினாவாகவே நின்றுவிடும்.