அக்கா, உங்கள் கால் அளவு என்ன?



ரயிலில் தாம்பரம் வரும்போது குரோம்பேட்டையைக் கடந்திருப்பீர்கள். அந்த ஊர்ப்பெயரே ஒரு தோல் ஆலை தந்தது, குரோம் லெதர் கம்பெனி. ஆவாரம்பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் தோல் பதனிட்டார்கள். தோல் வேலை செய்தவர்களைத் தீட்டு என்றது சாதி. அதே தோல் ஜாக்கெட்டாகி ஷோரூமில் தொங்கும்போது தீட்டு எங்கே போனதோ! செருப்புத் தைக்க வைத்தவர்களையே செருப்புப் போடாதே என்றார்கள். திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் ஆதிக்க சாதித் தெருவில் தலித் மக்கள் சுமார் 60 பேர் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில்தான்.

பூட்ஸ் வாங்க மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் தடித்த சாக்ஸோடு இரண்டு காலிலும் மாட்டி நடந்து பாருங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. ஜாக்கெட்டுக்குத் தோள் தையல்தான் முக்கியம், தோள் முனையில் சரியாக உட்கார வேண்டும். (சென்னை வெயிலில் அதைப் போடுவது உங்கள் பாடு.)

நமக்கு இவ்வளவு பார்க்கிறோம். நம் தெருவில் குப்பை அள்ளும் அக்காவின் காலை யார் அளந்தார்கள்? 5-ஆம் நம்பர் காலில் 8-ஆம் நம்பர் பூட்ஸ் மாட்டினால் குதிகால் புண்ணாகும், நடக்கையில் தடுக்கும். கழற்றிவிடுவார். உடனே, “கொடுத்தாலும் போடமாட்டார்கள்” என்ற பழி. சாக்கடை, செப்டிக் டேங்க் வேலைக்குப் பாதுகாப்புக் கருவி தருவது வேலை கொடுப்பவரின் கடமை என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். காலில் நிற்காத பூட்ஸைக் கொடுத்தால் அது கொடுத்த கணக்கில் சேருமா?

நாளைக் காலை அவரிடம் கால் அளவைக் கேட்டு எழுதி வாருங்கள். வார்டு வாரியாகச் சேர்த்து மாநகராட்சியில் கொடுப்போம்.