தேய்ந்த உருளையும் தீவகத்து இயந்திரங்களும்



ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ நெடுந்தீவிலோ பழைய வீடொன்றின் கூரையை அண்ணாந்து பாருங்கள். வளையும் பனை, சிலாகையும் பனை. முற்றிய பனையின் வைரம் புறத்தே செறிந்து நிற்பது. கோடரிக்கு இலகுவில் இணங்காதது. ஆகவே பெற்றோலில் இயங்கும் சங்கிலிவாள் நமக்குப் பெருந்துணையாயிற்று. ஜேர்மனியில் 1926 ஆம் ஆண்டிலே தொழில் தொடங்கிய அந்திரேயாஸ் ஸ்டீலின் நிறுவனம் செய்த 070 என்னும் பெருவாளின் உருளை 58 மில்லிமீற்றர் விட்டமுடையது. முசலத்தின் வீச்சு 40 மில்லிமீற்றர். ஒரு சிறு மோட்டார் சைக்கிளின் வலிமை அதனுள் அடங்கியிருக்கிறது.

இத்தகைய வாள் வலுக் குன்றியதும், "சிலிண்டர் போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறி, பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுகிறார்கள். விசாரணைக்கு முன்னரே வழங்கப்படும் தீர்ப்பு இது. நான் கலைப் பட்டதாரி. பொறியியல் என் துறையன்று. எனினும் பட்டறைக்காரர் செய்வதைப் பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றைச் சொல்வதிலே தவறில்லை.

முதலில் தீப்பொறிச் செருகியைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெயை உருளையினுள் விட்டு, செருகியை மீண்டும் பூட்டிக் கயிற்றை இழுங்கள். முன்னர் இல்லாத இறுக்கம் இப்போது கைக்குத் தெரிந்தால், தேய்வு வளையத்திலோ உருளைச் சுவரிலோ உள்ளது. அடுத்து, புகைபோக்கியை அகற்றி அத்துவாரத்தின் வழியே முசலத்தை நோக்குக. அந்தப் பக்கத்திலே நெடுங்கோடுகள் விழுந்திருப்பின், எண்ணெய்க் குறைவோ மிகுந்த வெப்பமோ காரணமாகலாம். காற்று நுழையும் பக்கத்திலே கோடுகள் இருந்தால், வடிகட்டியைக் கடந்து மணலும் மரத்தூளும் உட்சென்றிருக்கின்றன. காரணத்தை நீக்காமல் உறுப்பை மட்டும் மாற்றினால், புதிய உறுப்பும் பழையதன் வழியே போகும்.

இனி ஒரு நுட்பம். இவ்வாள்களின் உருளை அலுமினியத்தால் ஆனது. உட்சுவரிலே கடினமான குரோமிய முலாம் பூசப்பட்டிருக்கும். முசலமோ மெல்லிய அலுமினியம். வெப்பம் மிகும்போது முசலம் உரசி, அதன் உலோகம் சுவரில் அப்பிக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சுவரின் காயமாகவே தோன்றும். எண்ணெய் தொட்ட நுண்ணிய உரைதாளினாற் பொறுமையாகத் தேய்த்தால், அப்பிய அலுமினியம் நீங்கி, அடியிலே முலாம் பழுதின்றி வெளிப்படுவதுண்டு. விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்காவிடில் புதிய முசலமும் வளையமும் போதும். முலாமே உரிந்திருந்தால் வேறு உருளை தேடத்தான் வேண்டும். சாதாரணக் கடைச்சற் பட்டறையில் அதைக் குடைந்து பயனில்லை. வார்ப்பிரும்பு உட்குழாய் உள்ள இயந்திரமாயின், 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் அகலக் குடைந்து, அதற்கேற்ற பெரிய முசலம் இடலாம்.

1990 இற்குப் பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்திலே, குடாநாட்டு வாகனங்கள் சில துளி பெற்றோலிலே உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை நேயர்கள் பலர் மறந்திரார். முழுமையாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். உருளை விரைவில் தேயும். உதிரிப்பாகம் கிடைத்தற்கரிதாயிருந்த அந்நாட்களில், பழையதைப் பிழைக்கவைத்த கைகள் நம்மவருடையவை.

நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களிலும் இரண்டடிப்பு வகையின இன்றும் உண்டு. வாள் நின்றால் மரம் கிடக்கும் இடத்திலே கிடக்கும். கடலில் இயந்திரம் நின்றால் வள்ளம் அவ்வாறு நில்லாது. காற்றும் நீரோட்டமும் அதை எல்லைக்கு அப்பாலும் கொண்டுபோகும். ஆகவே எண்ணெய்க் கலவையிற் சிக்கனம் வேண்டாம். பழைய வாள்களுக்கு 25 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது வழக்கம். மற்ற இயந்திரங்களுக்குச் செய்தவர் குறித்த அளவையே கொள்க. புதுப்பித்த இயந்திரத்தை முதலிரண்டு தாங்கி எரிபொருள் தீரும்வரை முழு வேகத்திலே வருத்தாதீர்கள். வளையம் சுவரோடு பொருந்துவதற்கு அவ்வளவு அவகாசம் வேண்டும்.