பிஞ்சுப் பிள்ளைக்குச் சளி எங்கிருந்து வருது?

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். டாக்டர் மாதிரிப் பேசத் தெரியாது, நம்ம வீட்டுப் பேச்சாகவே சொல்லுறேன்.

ஆனியிலும் ஐப்பசியிலும் மழை பிடிச்சா நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு தடுமன்தான். ஈரக்காத்தும் அருவிச் சாரலும் காரணம்னு சொல்லுவோம். ஆனால் சளிக் கிருமி ஆளுகிட்டே இருந்துதான் ஆளுக்கு வரும். தொட்டில்ல கிடக்குற பிள்ளை எங்க போச்சு? நாமதான் கொண்டு கொடுக்குறோம்.

ஆர்.எஸ்.வி. என்று ஒரு வைரஸ் உண்டு. பெரியவங்களுக்கு அது பெரும்பாலும் வெறும் மூக்கொழுகல். ரெண்டு வயசுக்குள்ள அநேகமா எல்லாப் பிள்ளைக்கும் ஒருதடவை வந்துரும். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கும் குறைமாதப் பிள்ளைக்கும்தான் பயம். மூச்சுக்குழல் அவ்வளவு சின்னது, கொஞ்சம் வீங்கினாலே அடைச்சிரும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. மூத்த பிள்ளைக்கு வாங்கின மிச்ச மருந்தை ஊத்தாதீங்க.

இருபத்தெட்டு கெட்டுக்கு எவ்வளவு ஆளு கூடும்! மடியில வாங்கி முத்தம் கொடுக்காட்டா பாசமில்லைன்னு பேச்சு. "தடுமன் இருக்கு, தூர நின்னு பாருங்க மாமி"ன்னு பெத்தவ சொன்னா, அகங்காரின்னு பேரு. பச்சை உடம்புக்காரி, அவ எப்படிச் சொல்லுவா? மாமியாரோ நாத்தனாரோ சொன்னா யாருக்கும் வருத்தம் வராது. எங்க குழுவில பேசி வச்சிருக்கோம்: பிள்ளை பார்க்கப் போனா முதல்ல சோப்புப் போட்டுக் கை கழுவணும், முகத்தில முத்தம் கிடையாது. சளி இருந்தா சாமானை வாசல்ல கொடுத்துட்டுத் திரும்பணும். வீட்டு ஆம்பிளைகளுக்கும் இதே சட்டம்தான்.

தாய்க்கே சளி பிடிச்சாலும் பாலை நிறுத்த வேண்டாம். மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கை கழுவிக் கொடுக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். ரப்பர் சீட்டை அடுக்களைப் புகையில உணக்குற வீட்டில, பிள்ளையை அந்தப் பக்கமே கிடத்தாதீங்க. பீடிப் புகையும் அப்படித்தான்.

சளி முத்தி நிமோனியா ஆகாமல் இருக்க பி.சி.வி. ஊசி ஒரு துணை. 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு இலவசமாகப் போடுது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என மூணு தடவை. சளியைத் தடுக்காது, ஆனாலும் விடக்கூடாது.

பிள்ளை அழாம இருக்கும்போது வயிறு ஏறி இறங்குறதை ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க. ரெண்டு மாதம் ஆகாத பிள்ளைக்கு 60, ஒரு வயசு வரை 50, அஞ்சு வயசு வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ, நெஞ்சு உள்ளே குழிஞ்சாலோ, பால் குடிக்காட்டாலோ, ஓதிக்கட்ட நிக்காதீங்க. குலசேகரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ராத்திரின்னா 108-ஐக் கூப்பிடுங்க, விடியட்டும்னு இருக்காதீங்க.