வாட்டைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் வரும் காற்றைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"பொது உபயோகத்துக்கு ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கலாமா, வாங்கினால் எது, பத்து நிமிஷத்தில் சொல்லுங்கள் சார்" என்று செயலர் அம்மா கேட்டுக்கொண்டார். நான் பத்து நிமிஷத்தில் முடிக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். டீ வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் ஏமாந்த கதை. ஆறு வருஷத்துக்கு முன் கடைக்குப் போனேன். ஒரு பெட்டியில் 1200 வாட், இன்னொன்றில் 1600, மூன்றாவதில் 2000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முப்பது வருஷம் மோட்டார்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். இருந்தும் 2000-ஐத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமைதோறும் சோபா, மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் விளாசுவேன். சில வாரம் கழித்து மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நீங்க மெஷின் போடுற அன்னைக்கு ராத்திரிதான் குழந்தைக்கு இழுக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டைச் சுத்தம் செய்தால் இளைப்பு குறைய வேண்டுமே, எப்படி அதிகமாகும்? அன்று ராத்திரி ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, மெஷினை ஓடவிட்டு, அதன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் புகை மாதிரி தூசி பறக்கிறது. முன்னால் உறிஞ்சியதில் கண்ணுக்குத் தெரிகிற குப்பை பையில் தங்கிவிட்டது. தெரியாத பொடி முழுக்க ஃபில்டரின் ஓரம் வழியாக அறைக்குள்ளேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. தரையில் சும்மா கிடந்த தூசியை மூக்கு உயரத்துக்கு ஏற்றிவிட்ட புண்ணியம் எனக்கு. இந்த டார்ச் சோதனைக்குக் காசு செலவில்லை. இன்றைக்கு ராத்திரியே உங்கள் வீட்டு மெஷினுக்குச் செய்து பாருங்கள்.

இனி வாட் விஷயம். வாட் என்பது மெஷின் சாப்பிடுகிற சாப்பாடு. அது செய்கிற வேலை அல்ல. நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்திருப்பவர்களை நாம் பார்த்ததில்லையா? தூசி நகர இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, இழுவிசை. மற்றது, ஒரு நொடிக்கு எவ்வளவு காற்று ஓடுகிறது என்பது. ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சும்போது இழுவிசை உண்டு, காற்றோட்டம் கிடையாது. டேபிள் ஃபேனில் காற்றோட்டம் உண்டு, ஆனால் அதைக் கொண்டு இளநீரை இழுக்க முடியாது. இரண்டும் சேர்ந்த அளவைத்தான் ஏர் வாட் என்கிறார்கள். இப்போது விளம்பரங்களில் வரும் பாஸ்கல் கணக்கு இழுவிசையை மட்டுமே சொல்லும். 20,000 பாஸ்கல் என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். காற்றோட்டம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 2014 செப்டம்பரிலிருந்து 1600 வாட்டுக்கு மேல் விற்கக் கூடாது, 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்கு மேல் கூடாது. அதற்காக அங்கே வீடுகள் நாறிப்போய்விடவில்லை. கம்பெனிகள் குழாயையும் வாய்ப்பகுதியையும் ஒழுங்காக வடிவமைத்துக் குறைந்த மின்சாரத்தில் அதே வேலையை வாங்கின. கூடவே நட்சத்திரக் குறி மாதிரி ஒரு மின்சிக்கன லேபிளும் ஒட்டினார்கள். அதற்கான சோதனையைக் காலிப் பையோடு செய்தார்கள். டைசன் கம்பெனி வழக்குப் போட்டது. பை நிறைய நிறைய இழுவை எப்படிக் குறைகிறது என்பதைப் பார்க்காத சோதனை வீட்டு நிலவரத்தைக் காட்டாது என்று 2018 நவம்பரில் நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து செய்தது. கடையில் டெமோ காட்டும்போதும் இதே கதைதான். புது ஃபில்டர், காலித் தொட்டி. எந்த மெஷினும் அப்போது சிங்கம்தான்.

போன மாதம் நம் ஹாலில் நாலு வீட்டு மெஷின்களை வைத்துக் கோலப்பொடியும் அரிசியும் கொட்டிப் பார்த்தோம், வந்தவர்களுக்கு நினைவிருக்கும். கோலப்பொடியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், நம் ஊர் வாசலில் கிடப்பதும் அதுதான், ஃபில்டரை அடைப்பதும் அதுதான். பையுள்ள மெஷின் முதலில் நன்றாக இழுத்தது, இரண்டாவது கொட்டலில் சோர்ந்துபோனது. சுழல்காற்றில் தூசியைத் தனியே பிரிக்கும் பையில்லா மெஷின் கடைசிவரை தாக்குப்பிடித்தது. ஆனால் அதன் தொட்டியைக் கொட்டும்போது எழும்பிய பொடியில் முன்வரிசையே தும்மியது. அதனால் இளைப்பு, அலர்ஜி உள்ள வீட்டுக்கு நான் மூடிய காகிதப் பையையே சொல்வேன். அப்படியே கட்டித் தூக்கிப் போடலாம், செலவு கொஞ்சம் கூடும். துணிப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தயவுசெய்து மூன்றாம் மாடி பால்கனியில் உதறாதீர்கள். இரண்டாம் மாடிக் கொடியில் துணி காய்கிறது. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

ஒயர் இல்லாத குச்சி மாடல் எடுக்கவும் வைக்கவும் சுகம். முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலானவை பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கும். வாங்கும் முன் பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பேட்டரி போகிற அன்று மெஷினும் போகும். ரோபோ மாடல் வேலைக்குப் போகிற தம்பதிக்கு நல்லதுதான். ஆனால் உயரமான நிலைப்படியை அதனால் தாண்ட முடியாது, சார்ஜர் ஒயரையும் புடவைத் தலைப்பையும் விழுங்கும். தினப்படி முடியையும் தூசியையும் பார்த்துக்கொள்ளும், மெத்தையை யார் பார்ப்பது?

மெத்தை என்றதும் ஒன்று. தூசிப்பூச்சியின் கழிவை மெஷின் ஓரளவு எடுக்கும், உயிரோடிருக்கும் பூச்சி நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதுதான் அதற்கு வைத்தியம். ஃபில்டரில் ஹெப்பா என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, எச்13 போன்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். எச்13 என்றால் 99.95 சதவீதம் பிடிக்க வேண்டும். 'ஹெப்பா மாதிரி' என்பது தங்க முலாம் மாதிரி. நல்ல ஃபில்டர் போட்டும் ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால், என் வீட்டுக் கதைதான்.

இன்னொரு சந்தேகம் பலருக்கு. குழாயில் துணி அடைத்துக்கொண்டால் மெஷின் வீல் என்று கத்துகிறதே, பாரம் தாங்காமலா? இல்லை. தள்ள வேண்டிய காற்று குறைவதால் மோட்டாருக்கு வேலை குறைந்து வேகமாகச் சுற்றுகிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வீட்டு மெஷின்கள் பலவற்றில் அந்தக் காற்றுதான் மோட்டாரைக் குளிரவைக்கிறது. அது நின்றால் மோட்டார் வெந்துபோகும். கத்தினால் உடனே அணையுங்கள்.

சரி, பொது மெஷின். இதைப் பற்றிப் பேசத்தான் நிஜமாக வந்தேன். 1907-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்பாங்லர் என்று ஒருவர் கடையொன்றில் துப்புரவு வேலை பார்த்தார். ஆஸ்துமாக்காரர். பெருக்குகிற தூசியில் இருமல் தாங்காமல், ஃபேன் மோட்டார், துடைப்பக் கழி, தலையணை உறை மூன்றையும் சேர்த்துக் கையில் பிடித்து ஓட்டும் மெஷின் ஒன்றைச் செய்தார். அடுத்த வருஷம் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை வாங்கிய குடும்பத்தின் பெயர் ஹூவர். ஆக, சோபாக்காரர்களுக்கு வருவதற்கு முன் அது பெருக்குகிறவரின் நெஞ்சுக்காக வந்த பொருள்.

நம் பேஸ்மென்ட் கார் நிறுத்தத்தைத் தினமும் காலையில் இரண்டு அக்காக்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வறட்டுத் துடைப்பத்தால் பெருக்குகிறார்கள். ஜன்னல் கிடையாது. அதில் ஒருவருக்கு மூன்று மாதமாக இருமல். கிளப் ஹால் சோபாவுக்கு என்றுதான் இந்த மெஷின் தீர்மானம் வந்தது. நான் திருத்தம் கொண்டுவருகிறேன்: முதலில் பேஸ்மென்டுக்கு, மிச்ச நேரத்தில் சோபாவுக்கு.

அப்படியானால் வாங்க வேண்டியது ஈரம், உலர் இரண்டையும் இழுக்கும் டிரம் மாடல். 20 லிட்டருக்குக் குறையாமல், நுண்தூசி ஃபில்டரோடு. போன வாரம் ஒன்றை இரவல் வாங்கி அவர்களிடமே கொடுத்துப் பார்த்தேன். இழுவை போதும் என்றார்கள். "குழாய் குட்டையா இருக்கு சார், குனிஞ்சே இருந்தா இடுப்பு போயிடும்" என்றார் மூத்தவர். எந்த விளம்பரத்திலும் இந்தத் தகவல் இல்லை. நீளக் குழாயைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். சத்தம் அதிகம், காதடைப்பானும் வேண்டும். தண்ணீர் இழுக்கும் முன் உலர் ஃபில்டரைக் கழற்ற வேண்டும், இதைத் தமிழில் எழுதி டிரம்மிலேயே ஒட்டிவிடுகிறேன்.

மின்சாரம்: 1400 வாட் என்றால் 230 வோல்ட்டில் 6 ஆம்பியரைத் தாண்டுகிறது. பேஸ்மென்டில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். லைட்டுக்குப் போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டினால் ஒயர் உருகும். இரண்டு 16 ஆம்பியர் பாயின்ட், எர்த்தோடு, கசிவு மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி-யோடு போட வேண்டும். ஈரத் தரையில் நின்று வேலை செய்வது நாம் அல்ல, அவர்கள். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் பொருளாளர் தொகை சொல்ல வேண்டும், மெஷின் விலையை மட்டும் அல்ல.

இரவல் மெஷின் ஞாயிறு வரை வாட்ச்மேன் அறையில் இருக்கும். காலை ஆறு மணிக்கு பேஸ்மென்டில் ஓட்டுவார்கள். வந்து பாருங்கள், டார்ச் கொண்டு வாருங்கள். கைதூக்குவது அதற்கு அப்புறம் இருக்கட்டும். டீ வந்துவிட்டது.