ஒரு மைதானம், ஆறு அணிகள்

(யூபிலி ஆண்டையொட்டி நடைபெற்ற பெற்றோர் - இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றவுடன் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதும், கொடிமரத்தைப் புதுப்பிப்பதும், தேரை அலங்கரிப்பதும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டியவையே. ஆனால் பழைய ஏற்பாட்டில் யூபிலி என்பது முதன்மையாக நிலத்தைப் பற்றியது. ஏழேழு ஆண்டுகள் கழிந்து 50ஆம் ஆண்டு வரும்போது, கைமாறிப்போன நிலம் அதை இழந்த குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்பது சட்டம். நிலம் ஆண்டவருடையது, மனிதன் அதில் தங்கியிருப்பவனே என்பது அதன் அடிப்படை. ஆகவே, நம் பங்குக்குச் சொந்தமான ஒரே மைதானத்தைப் பற்றி இந்த யூபிலி ஆண்டில் பேசுவது பொருத்தமே.

மாலை நாலரை மணிக்கு அங்கே நடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். பெரிய அணியினர் வந்ததும் சிறுவர்கள் கோட்டுக்கு வெளியே ஒதுங்குகிறார்கள். வெளியே ஓடும் பந்தை எடுத்துக் கொடுப்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி. பெண்பிள்ளைகளோ வருவதையே விட்டுவிட்டார்கள். சென்ற மாதம் இரண்டு அணிகளுக்கிடையே வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பு வரை போயிற்று.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் கால்பந்து நமக்கு இரண்டாவது மூச்சு. நம் முன்னோர் காலத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அகன்ற கடற்கரை மணலே மைதானமாயிருந்தது. இன்று கடலரிப்பு மணலைத் தின்றுவிட்டது. எஞ்சிய இடத்தில் பாறைகளைக் கொட்டித் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஆக, பிள்ளைகள் கூடிவிட்டார்கள், இடம் குறைந்துவிட்டது. இது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் இருக்கும் இடத்தை வலியவர் வைத்துக்கொண்டு எளியவர் வேலியோரம் நின்றால், அது நம் குற்றமாகும்.

"முதலில் வருபவர் ஆடட்டும், இதுதானே நியாயம்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து வயதுப் பையன் முதலில் வந்தாலும், இருபது வயது இளைஞன் வந்து நின்றால் தானே விலகிவிடுகிறான். பத்து வயதில் பந்தைக் காலில் நிறுத்தப் பழகாதவன் இருபது வயதில் பழகுவது அரிது. இன்று அவனை விரட்டினால், பத்தாண்டு கழித்து நமக்குப் பெரிய அணியே இராது.

நம் மீனவ மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? வடக்கே பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒரே அளவாக மீன் தருவதில்லை. எனவே இன்று நல்ல இடத்தில் வலை போட்டவர் அடுத்த முறை வேறிடம் போக வேண்டும். வலிமையுள்ளவர் நிலையாகப் பிடித்துக்கொள்ள முடியாது. கடலோர மக்கள் தாங்களே வகுத்த நியாயம் இது. மீனுக்குச் செய்வதை மைதானத்துக்கும் செய்வோம்.

கணக்கைப் பாருங்கள். நம் மைதானம் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். அதன் பாதியில், குறுக்காகக் கோடு போட்டால், எழுவர் ஆடும் களம் ஒன்று அமையும். அல்லது ஐவர் ஆடும் களங்கள் இரண்டு அமையும். சிறுவருக்கு முழு மைதானம் தேவையே இல்லை. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே 2012-இல் 8 வயதுக்குட்பட்டோருக்கு ஐவர் ஆட்டம், 10 வயதுக்குட்பட்டோருக்கு எழுவர் ஆட்டம், 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்பதின்மர் ஆட்டம் என்று முடிவு செய்தது. சிறு களத்தில் ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அடிக்கடி வரும் என்பதே காரணம்.

இனி நேரம். நவம்பர் இறுதியில் நம் பகுதியில் ஆறு மணிக்கெல்லாம் கதிரவன் மறைகிறான். நாலரை முதல் ஆறு வரை ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அரை மைதானம், முக்கால் மணி நேரம்; இதை ஒரு 'முறை' என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாலைக்கு நான்கு முறை. திங்கள் முதல் சனி வரை 24 முறை. நமக்கு ஆறு அணிகள். அணிக்கு நான்கு முறை! ஞாயிறு மாலையைப் போட்டிகளுக்கு விட்டுவிடலாம். முழு மைதானம் வேண்டும் அணி, இரண்டு முறைகளை ஒரே நேரத்தில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பெரிய அணிக்கு இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இழப்பு உண்டு. போட்டி நெருங்கும்போது அவர்களுக்குக் கூடுதல் நேரம் வேண்டியிருக்கும். அப்போது சிறுவர் அணியிடம் ஒரு முறையைக் கடனாகக் கேட்கலாம். அதே மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்கவேண்டும் என்பதுதான் முக்கியம். இல்லை என்று சொல்லும் உரிமை சிறுவருக்கும் உண்டு. வெயில் சுடும் முதல் முறையும், இருட்டும் வேளையில் வரும் இரண்டாம் முறையும் மாதந்தோறும் மாற்றி வரட்டும். மழை பெய்து, காலடித் தடத்தில் தண்ணீர் தேங்கினால் எவரும் இறங்க வேண்டாம். ஒருநாள் ஆசைக்கு ஒரு மாதப் புல்லை இழக்கலாகாது.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியில் ஆடினார். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றினார். நம் பெண்களுக்கும் நான்கு முறை உண்டு. அந்த நேரத்தில் வேடிக்கை பார்த்துக் கேலி செய்பவர்களுக்கு மைதானத்தில் இடமில்லை.

இடமின்றி அலைவதன் வேதனையைப் புனித ஜான் போஸ்கோ நன்கு அறிந்தவர். துரின் நகரில் 1841-இல் ஏழைச் சிறுவரைக் கூட்டத் தொடங்கிய அவர், இரைச்சல் என்ற புகாரால் இடம் இடமாகத் துரத்தப்பட்டார். ஒரு வயலை வாடகைக்கு எடுத்தார். பிள்ளைகள் ஓடி ஆடிப் புல்லின் வேர்கூடப் பட்டுப்போகிறது என்று அதன் உரிமையாளர்களும் வெளியேறச் சொன்னார்கள். 1846-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்றுதான் வால்தொக்கோவில் ஒரு கொட்டகையும் அதையொட்டிய நிலமும் அவருக்கு நிலைத்தன. நமக்கோ முன்னோர் விட்டுச்சென்ற மைதானம் இருக்கிறது. அதிலிருந்து நம் பிள்ளைகளை நாமே துரத்தலாமா?

வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் ஆறு அணித்தலைவர்களும் பங்குமனைக்கு வாருங்கள். சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவோம். மிகச் சிறிய அணியின் தலைவன் முதல் சீட்டை எடுக்கட்டும். பெரிய அணியின் தலைவர் கடைசிச் சீட்டை எடுக்கட்டும். முறைப்பட்டியலைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்போம்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக!